நாடகம் வேண்டாமென்ற நகரம்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் நாடகத்துக்கென்று கல்லால் ஆன கட்டடம் ஒன்று 1783இல்தான் திறக்கப்பட்டது. நகரம் சீர்திருத்த சமயத்தை ஏற்றுக்கொண்டது 1536இல். இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டில் அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. கடிகாரத் தொழிலும் வங்கித் தொழிலும் கொழித்தன. படித்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் கொட்டகை நிலைக்கவில்லை. அமைக்க முயன்றபோதெல்லாம் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இல்லாத ஒருவனின் துயரத்தைப் பார்த்து அழுவது மனிதனை நல்லவனாக்குமா? அல்லது, தான் நல்லவன் என்ற நினைப்பை மட்டும் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுமா?

கேள்வி ஜெனீவாவில் பிறந்ததல்ல. பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்தின் வாசலிலேயே கவிஞர்களைத் தடுத்து நிறுத்தினார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், ஞானஸ்நானத்தில் பிசாசை விட்டுவிடுவதாக வாக்களித்த கிறிஸ்தவனுக்கு அரங்கத்தில் என்ன வேலை என்று கேட்டார். ரோமானிய நாடகங்கள் கோயில் விழாக்களோடு ஒட்டிப் பிறந்தவை. அங்கே போய் உட்கார்வது அந்தத் தெய்வங்களுக்குப் பூசை செய்வதற்குச் சமம் என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்கு ஆயுள் குறைவு. பழைய தெய்வங்கள் மறைந்ததும் அதன் பலமும் போயிற்று. அதே கார்த்தேஜில் மாணவனாக இருந்தபோது நாடகப் பைத்தியம் பிடித்து அலைந்த அகஸ்டின் பின்னாளில் தம் வாழ்க்கைக் கதையில் எழுப்பிய ஐயம்தான் நிலைத்தது. தனக்கு வரக்கூடாது என்று நினைக்கும் துயரத்தை மேடையில் பார்க்க மனிதன் ஏன் காசு கொடுத்துப் போகிறான்? அங்கே பொங்கும் இரக்கம் யாருக்கும் கை கொடுக்கச் சொல்வதில்லை, வருந்து என்று மட்டுமே சொல்கிறது. இது என்ன இரக்கம்?

நடிகன் மீதும் சந்தேகம் இருந்தது. கிரேக்கத்தில் நடிகனைக் குறித்த சொல்லே புதிய ஏற்பாட்டில் ‘மாயக்காரர்’ என்ற ஏச்சாக வருகிறது. ‘நன்றாக நடிக்கிறான்’ என்பது தமிழிலும் பாராட்டா வசையா என்பது சொல்லும் இடத்தைப் பொறுத்ததுதான்.

சீர்திருத்த சமயத் தலைவர் கால்வின் காலத்து ஜெனீவாவைப் பற்றிப் பலரும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு மாறாக, அங்கே நாடகம் ஒரே உத்தரவில் ஒழிக்கப்படவில்லை. 1546இல் அப்போஸ்தலர் நடபடிகளை நாடகமாக்கி மேடையேற்ற நகரவாசிகள் அனுமதி கேட்டார்கள். விவிலியக் கதைதானே என்று நகரவையும் இசைந்தது. போதகர்களில் ஒருவரான மிசேல் கோப் பிரசங்க பீடத்தில் ஏறி, மேடையில் தோன்றும் பெண்கள் வெட்கம் கெட்டவர்கள் என்று வெளுத்து வாங்கினார். ஊர் கொதித்தது. அவரைச் சும்மா விடுவதில்லை என்று கூட்டம் திரண்டது. கால்வின் குறுக்கே புகுந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. அவருக்கு நாடகத்தில் பிரியமில்லை. ஆனால் மக்களுக்கு எல்லாப் பொழுதுபோக்கையும் மறுத்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அப்படியே சொல்கிறார். நாடகம் நடந்தது. வேறொரு புகழ்பெற்ற போதகரான வீரே பார்வையாளராகவே வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் நகரவை இத்தகைய நாடகங்களை நிறுத்திவைத்தது.

கால்வினுக்கு அடுத்து ஜெனீவா சபையை நடத்திய தியோடர் பேசாவே ஒரு நாடகாசிரியர்தான். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போன கதையை அவர் 1550இல் நாடகமாக எழுதினார். எனவே தொடக்கத்தில் சபையின் கவலை கதை சொல்வதைப் பற்றியதல்ல, வேடத்தைப் பற்றியது. ஆண் பெண்ணுடையையும் பெண் ஆணுடையையும் அணியக் கூடாது என்ற உபாகமம் 22ஆம் அதிகாரத்துக் கட்டளை முகமூடிக்கும் கூத்துக்கும் எதிராகத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் வந்த தலைமுறைகளில் கவலை இன்னும் கீழிறங்கித் துணிமணிக்கும் பணத்துக்கும் வந்து சேர்ந்தது. யார் பட்டு உடுத்தலாம், விருந்தில் எத்தனை வகை பரிமாறலாம் என்பதையெல்லாம் கண்காணிக்க 17ஆம் நூற்றாண்டு ஜெனீவாவில் தனி மன்றமே இருந்தது. அந்த மன்றத்தின் கண்ணுக்கு நாடகக் குழு என்பது ஊர் சுற்றும் ஆடம்பரக் கடை.

நாடகம் மறுபடி நகருக்குள் வந்தது அரசியலின் வால் பிடித்துக்கொண்டு. அன்றைய ஜெனீவா ஒரு சிறு குடியரசு. மேட்டு நகரத்தில் செல்வக் குடும்பங்கள். அவர்கள் கையில் இருபத்தைந்து பேர் கொண்ட சிற்றவை. ரோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சென்-ஜெர்வே பகுதியில் கடிகாரம் செய்பவர்களும் பிற கைவினைஞர்களும். இரு தரப்புக்கும் அதிகாரச் சண்டை ஓயவில்லை. 1737, 1738 ஆண்டுகளில் பிரான்சும் பெர்னும் ஸூரிக்கும் மத்தியஸ்தம் செய்ய வந்தன. வந்த பிரெஞ்சுக் கனவான்களுக்கு மாலைப் பொழுது போக வேண்டுமே! அவர்களுக்காக ஒரு நாடகக் குழு அனுமதிக்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. ஆனால் நாடகம் என்றால் மேட்டு நகரத்தாரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து கொண்டாடும் பொருள் என்ற எண்ணம் கைவினைஞர் மனதில் பதிந்துவிட்டது. பின்னால் நடந்தவை அந்த எண்ணத்தைப் பொய்யாக்கவில்லை.

1755இல் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் நகர எல்லைக்கு அருகே லே தெலிஸ் என்ற மாளிகையில் குடியேறினார். நாடகமில்லாமல் அவரால் இருக்க முடியாது. பாரிஸின் பெரும் நடிகர் லெகேன் விருந்தாளியாக வந்தபோது தம் ‘ஸாயிர்’ நாடகத்தை வீட்டிலேயே நடத்தினார். அழைக்கப்பட்டிருந்த நகரவைப் பெரியவர்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள். கால்வின் வழியினர் இவ்வளவு இளகியதே இல்லை என்ற தோரணையில் வோல்தேர் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டார். போதகர்களும் மூப்பர்களும் அடங்கிய ஒழுக்க மன்றம் விழித்துக்கொண்டு நகரவையிடம் முறையிட்டது. வோல்தேர் தம் மேடையை எல்லைக்கு வெளியே கொண்டுபோனார்.

அடுத்த ஆண்டு அவர் வீட்டில் தங்கிய கணித அறிஞர் தாலம்பேர், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதிக்கு ‘ஜெனீவா’ என்ற கட்டுரையை எழுதினார். 1757இல் அது வெளிவந்தது. நகரத்தைப் பாராட்டும் கட்டுரைதான். ஆனால் இரண்டு இடங்களில் கை சுட்டது. ஜெனீவாவின் போதகர்கள் பலர் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தையே நம்புவதில்லை என்று போகிற போக்கில் சொல்லி வைத்தார், பாராட்டாகவே சொன்னார். போதகர்கள் பதறிப்போய் மறுப்பு அறிக்கை வெளியிட்டார்கள். மற்றொன்று நாடகம். ஜெனீவா நாடகத்தைப் பாவம் என்று விலக்கவில்லை, நடிகர் கூட்டத்தோடு வரும் பகட்டையும் ஊதாரித்தனத்தையும் ஒழுக்கக் கேட்டையும் அஞ்சித்தான் விலக்குகிறது. கடுமையான சட்டம் போட்டு நடிகர்களை ஒழுங்குபடுத்தினால் நாடகமும் இருக்கும் நல்லொழுக்கமும் இருக்கும் என்றார். இதில் நியாயமான ஒரு கோபமும் கலந்திருந்தது. கத்தோலிக்கப் பிரான்சில் நடிகர்கள் திருச்சபைக்குப் புறம்பானவர்கள். நடிகரும் நாடகாசிரியருமான மோலியேரை 1673இல் இரவில்தான் புதைக்க முடிந்தது. 1730இல் இறந்த நடிகை அத்ரியன் லெகூவ்ரருக்கு அதுவும் கிடைக்கவில்லை. சடங்கின்றி எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அரசரும் கூடிக் கைதட்டிய கலைக்கு இப்படி ஒரு முடிவு. நடிகனை மதிக்கும் முதல் நகரமாக ஜெனீவா இருக்கட்டும் என்பது தாலம்பேரின் ஆசை.

இதற்கு மறுப்பு எழுதியவர் ஒரு போதகர் அல்லர், ஒரு நாடகாசிரியர். ழான்-ழாக் ரூசோ 1712இல் ஜெனீவாவில் கடிகாரக்காரர் மகனாகப் பிறந்தவர். பதினாறாவது வயதில் ஊரைவிட்டு ஓடிக் கத்தோலிக்கராகி, 1754இல் திரும்பிவந்து பழைய சமயத்தையும் குடியுரிமையையும் மீட்டுக்கொண்டவர். அவர் இசையமைத்த ‘ஊர்க் குறிசொல்லி’ என்ற சிற்றிசை நாடகம் 1752இல் பிரெஞ்சு அரசர் முன் நடந்து பெயர் வாங்கியிருந்தது. மோலியேர் நாடகத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று அவரே சொல்கிறார். அப்படிப்பட்டவர் 1758இன் கடுங்குளிரில், பாரிஸுக்கு வெளியே மோன்மொரான்ஸியில், தோட்டத்துக் கோடியில் இருந்த ஒரு சிறு கோபுர அறையில், காற்றும் பனியும் உள்ளே வர, கணப்பு நெருப்புக்கூட இல்லாமல் உட்கார்ந்து, மூன்றே வாரத்தில் ‘தாலம்பேருக்குக் கடிதம்’ எழுதி முடித்தார். அது அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சானது.

நாடகத்துக்கு எதிரான பழைய சமய வாதங்களில் ரூசோ பெரும்பாலானவற்றைத் தொடவேயில்லை. பிசாசு, வேடம், உபாகமம் எதுவும் முக்கியமில்லை. அவர் எடுத்துக்கொண்டது அகஸ்டினின் ஐயத்தை மட்டும். உணர்ச்சியைக் கிளறி அதன்மூலமே அதைத் தூய்மையாக்குகிறது நாடகம் என்ற அரிஸ்டாட்டில் மரபை அவர் ஏற்கவில்லை. உணர்ச்சியை அடக்க வல்லது அறிவு ஒன்றே, மேடையில் அதற்கு வேலையில்லை என்றார். புளூட்டார்க் சொல்லும் ஒரு கதையை எடுத்துக்காட்டினார். ஃபெரே நகரத்துக் கொடுங்கோலன் அலெக்ஸாண்டர் அரங்கத்தில் ஒளிந்து உட்கார்வானாம். மேடையில் அந்த்ரோமாக்கி படும் பாட்டைப் பார்த்துத் தான் அழுவதை யாராவது கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நாள்தோறும் தன் கட்டளையால் சாகிறவர்களின் அலறலைக் கேட்டு மட்டும் அவன் கரையவில்லை. நிஜமான துன்பம் நம்மிடம் உழைப்பைக் கேட்கும், பணத்தைக் கேட்கும், நேரத்தைக் கேட்கும். மேடைத் துன்பம் கண்ணீரோடு திருப்தியடைந்துவிடும். அழுது முடித்தவன் தன் கடன் தீர்ந்தது என்று எழுந்து போகிறான்.

இன்னொரு வாதம் அதைவிடக் கூர்மையானது. அரங்கத்தில் மக்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்பது பொய் என்றார் ரூசோ. இருட்டில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் ஒரே திசையைப் பார்க்கும்போது ஒவ்வொருவனும் தனியாள்தான். பக்கத்தில் இருக்கும் உற்றார் உறவினரை மறந்து, கட்டுக்கதையில் வரும் யாரோ ஒருவருக்காக உருகுகிறான். கோயிலில் கூடுவதும் பொது மன்றத்தில் கூடுவதும் வேறு. அங்கே கூடியவர்களே நிகழ்ச்சி. சமயம் இருந்த இடத்தில் குடிமை வந்து உட்கார்வது இந்த இடத்தில்தான். நாடகம் ஆன்மாவைக் கெடுக்கும் என்று சபை சொன்னது. நாடகம் குடிமகனைப் பார்வையாளனாக்கிவிடும் என்றார் ரூசோ.

மோலியேரின் ‘மனித வெறுப்பாளன்’ பற்றி அவர் எழுதிய பகுதி இன்றும் படிக்கத்தக்கது. பொய் பேசத் தெரியாத ஆல்செஸ்த் என்ற நேர்மையாளனைப் பார்த்து அவை சிரிக்கும்படி நாடகம் அமைந்திருக்கிறது. தீயவனை வெறுக்கச் சொல்லித்தருவதாகப் பெயர். கடைசியில் பரிகாசத்துக்கு ஆளாவது ஊரோடு ஒத்துப்போகத் தெரியாத நல்லவன். ஆல்செஸ்த் வேறு யாருமல்ல, ரூசோவேதான் என்று பாரிஸ் நண்பர்கள் கிசுகிசுத்திருக்கலாம். அதனால் வாதம் பலவீனமாகிவிடாது.

கணக்கும் போட்டார். பாரிஸின் மக்கள்தொகைக்கும் அங்கே நாள்தோறும் நாடகம் பார்க்க வருவோருக்கும் உள்ள விகிதத்தை 24,000 பேர் கொண்ட ஜெனீவாவுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐம்பது பேர்கூடத் தேற மாட்டார்கள். கொட்டகை தன் காலில் நிற்காது. அரசாங்கம் பணம் கொடுக்கும், கைவினைஞர்கள் வரி கட்டுவார்கள், மேட்டு நகரத்தார் பார்ப்பார்கள். நாடகத்தை அவர் எல்லா இடத்திலும் மறுக்கவுமில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன பெருநகரத்துக்கு அது நல்லது. தினமும் இரண்டு மணி நேரமாவது அயோக்கியர்களைக் கட்டிப்போட்டு வைக்குமே என்றார்.

நூலின் பலவீனமான பக்கங்கள் பெண்களைப் பற்றியவை. அரங்கம் பெண்ணை வெளியே இழுக்கிறது, அவளுக்குரிய இடம் வீடு என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஆண்கள் தனியாகக் கூடிப் புகைத்துக் குடித்துப் பேசும் ஜெனீவாவின் ‘வட்டங்கள்’ அவருக்கு உயர்ந்தவை. குடிப்பழக்கத்துக்குக்கூடச் சமாதானம் சொன்னார். தாலம்பேர் 1759இல் எழுதிய பதிலில் இந்த இடத்தைத்தான் சரியாகப் பிடித்தார். பெண்களிடம் குறை இருந்தால் அது நீங்கள் கொடுக்கும், அல்லது கொடுக்க மறுக்கும் கல்வியின் குறை என்றார்.

அப்படியானால் குடியரசில் கேளிக்கையே கூடாதா என்ற கேள்விக்கு ரூசோ கூடும் என்றார், நிறையக் கூடும். மைதானத்தின் நடுவில் பூச்சுற்றிய ஒரு கம்பத்தை நட்டு மக்களைச் சுற்றிக் கூட்டுங்கள், திருவிழா தானாக வரும். காட்ட வேண்டியது எதுவுமில்லை, பார்ப்பவர்களையே காட்சியாக்கிவிடுங்கள். இதற்குச் சான்றாகக் கடைசிப் பக்கங்களில் ஓர் அடிக்குறிப்பில் தம் சிறுவயது நினைவொன்றைச் சொல்கிறார். சென்-ஜெர்வே படைப்பிரிவினர் அன்றைய பயிற்சியை முடித்து, கூட்டம் கூட்டமாகச் சாப்பிட்டுவிட்டுச் சதுக்கத்துக்கு வருகிறார்கள். நீரூற்றுத் தொட்டியின் மேல் மேளக்காரர்களும் குழலூதுபவர்களும் தீவட்டி பிடிப்பவர்களும் ஏறி நிற்கிறார்கள். ஐந்நூறு அறுநூறு பேர் அதிகாரி, சிப்பாய் என்ற பேதமில்லாமல் கைகோத்து, நீண்ட பாம்பு போல் வளைந்து வளைந்து ஆடுகிறார்கள். நேரமாகிவிட்டது, பெண்கள் படுத்துவிட்டார்கள். சத்தம் கேட்டு எழுந்து சன்னலுக்கு வருகிறார்கள். சன்னலில் நிற்கப் பொறுக்கவில்லை, இறங்கி வருகிறார்கள். வேலைக்காரிகள் மது கொண்டுவருகிறார்கள். தூக்கம் கலைந்த பிள்ளைகள் அரைகுறை உடையோடு அப்பா அம்மாவுக்கு நடுவே ஓடுகிறார்கள். ஆட்டம் நின்றுபோய்க் கட்டித்தழுவலும் சிரிப்புமாகிறது. மகனை அணைத்துக்கொண்ட அப்பாவின் உடல் நடுங்குகிறது. ழான்-ழாக், உன் நாட்டை நேசி என்கிறார்.

நூலின் நீண்ட வாதத்தை விட இந்த அடிக்குறிப்பு எடை மிகுந்தது, வாதத்துக்கு முரணானதும்கூட. பெண்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அதே நூலில், அவர்கள் சன்னலை விட்டு இறங்கிவந்த பிறகுதான் அந்த இரவு நிறைவடைகிறது. இதைப் படித்து நெகிழும் வாசகனும், மேடையைப் பார்த்து அழுகிறவனைப் போலவே, யாருக்கும் எதுவும் கொடுக்காமல் புத்தகத்தை மூடுகிறான். ரூசோவுக்கு இது தெரியாமல் இல்லை. 1761இல் ஐரோப்பாவையே அழவைத்த ‘ஜூலி’ நாவலின் முன்னுரையில், பெருநகரத்துக்கு நாடகம் போலவே கெட்டுப்போன மக்களுக்கு நாவல் தேவைப்படுகிறது என்று தம் தொழிலையும் அதே தராசில் வைத்தார். இதற்கு எதிர்த் திசையில் நடந்தவர் அவருடைய பழைய நண்பர் திதரோ. நல்ல நடிகன் எதையும் உணர்வதில்லை, உணர்வைக் கணக்கிட்டுச் செய்துகாட்டுகிறான் என்று வாதிட்ட அவருடைய உரையாடல் அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் 1830இல்தான் அச்சேறியது. ரூசோ பொய் என்று கண்டதைத் திதரோ தொழில் என்று கண்டார்.

ஜெனீவாவின் முடிவை வாதம் தீர்மானிக்கவில்லை. ரூசோவின் ‘எமீல்’ நூலையும் ‘சமுதாய ஒப்பந்த’த்தையும் 1762இல் நகரவை எரித்தது, அடுத்த ஆண்டு அவர் குடியுரிமையைத் துறந்தார். 1766இல் மறுபடி சண்டை, மறுபடி மத்தியஸ்தம், மறுபடி பிரெஞ்சுத் தூதர், அவருக்காக மறுபடி நாடகம். இம்முறை நெவ் வாயில் அருகே மரப்பலகையால் கொட்டகையே எழுந்தது. ரோஸிமோன் அரங்கம் என்று அதற்குப் பெயர். 1768இல் அது எரிந்துபோனது. வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தவர்கள், எரிவது நாடகக் கொட்டகை என்று தெரிந்ததும், கேட்டவர்களே வந்து அணைக்கட்டும் என்று தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. அதன் பிறகு நாடகப் பிரியர்கள் எல்லைக்கு வெளியே பிரெஞ்சு மண்ணில் ஷாட்லேன் என்ற இடத்துக்கு வண்டி கட்டிப் போனார்கள். அங்கே 1772இல் லெகேன் மறுபடி நடித்தபோது நகரமே காலியானது.

1782இல் கைவினைஞர் தரப்பு ஆட்சியைப் பிடித்தது. பிரான்ஸ், பெர்ன், சவோய் படைகள் மூன்றும் வந்து நகரத்தைச் சூழ்ந்தன. ஜூலையில் நகரம் பணிந்தது. அந்த ஆண்டின் புதிய அரசாணை ரூசோ போற்றிய ‘வட்டங்களை’த் தடை செய்தது. காவலுக்கு வந்த படை அதிகாரிகளுக்கும் மேட்டு நகரத்தாருக்குமாக நெவ் சதுக்கத்தில் கல் அரங்கம் எழுந்தது. கைவினைஞர் தலைவர்கள் நாடு கடத்தப்பட்டிருந்த 1783இல் திரை ஏறியது. நாடகத்தை எதிர்த்த கடிகாரக்காரர்களை மூடப் பக்தர்கள் என்று வோல்தேர் கேலி செய்ததுண்டு. அவர்கள் தேவாலயத்துக்காக மட்டும் எதிர்க்கவில்லை. நகரத்துக்குள் நாடகம் வந்த ஒவ்வொரு முறையும் கூடவே யார் வந்தார்கள் என்பதை அவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வி ஆறிப்போயிற்று. நாடுகடத்தப்பட்ட ஜெர்மானியப் பிரபுவான பிரன்ஸ்விக் இரண்டாம் சார்ல்ஸ் 1873இல் ஜெனீவாவில் இறந்தபோது தம் பெருஞ்செல்வத்தை நகரத்துக்கே எழுதிவைத்தார். அந்தப் பணத்தின் உதவியோடு அதே நெவ் சதுக்கத்தில் பெரிய அரங்கம் ஒன்று கட்டப்பட்டு, 1879 அக்டோபரில் ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசைநாடகத்தோடு திறக்கப்பட்டது. கிராண்ட் தியேட்டர் என்று இன்றும் அறியப்படுவது அதுவே. சதுக்கத்தை அடுத்த பூங்காவில் கால்வினும் பேசாவும் கல்லுருவில் நிற்கும் சீர்திருத்தச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது அதற்கு முப்பது ஆண்டுகள் பின்னால், 1909இல். 1951 மே 1ஆம் தேதி வாக்னரின் ‘வால்கிரி’யின் இறுதிக் காட்சிக்கு நெருப்பு வித்தையை ஒத்திகை பார்த்தபோது மேடை உண்மையிலேயே தீப்பற்றி, மேடைப் பகுதியும் பார்வையாளர் கூடமும் அழிந்தன. இந்த முறை யாரும் வாளியைக் கவிழ்க்கவில்லை. பதினோரு ஆண்டு காத்திருந்து 1962 டிசம்பரில் நகரம் அரங்கத்தை மீண்டும் திறந்தது.

ரூசோ பிறந்த 300ஆம் ஆண்டான 2012இல் அந்த அரங்கத்தார் பிலிப் ஃபெனலோன் என்ற இசையமைப்பாளரிடம் ஒரு புதிய இசைநாடகம் எழுதி வாங்கினார்கள். ரோன் ஆற்றின் மேல் நிற்கும் பழைய நீரேற்று நிலையத்தில், இப்போது அதுவும் ஒரு நாடகக் கூடம், செப்டம்பரில் அது அரங்கேறியது. நாடகத்தின் பெயரில் இருந்தது ‘ஜெனீவாக் குடிமகன்’, கதாநாயகன் ரூசோ.